அடுத்தது வரட்டும்

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார் ஆவுடைநாயகம். கூடவே அவர் மனைவி உலகம்மை. இறங்கின வேகத்தில் அவருடைய செருப்பு ஒன்று பஸ் படியிலேயே தங்கிவிட்டது. கண்டக்டர் அதை எடுத்து வீசினார். ஆவுடைநாயகம் அதைக் காலில் மாட்டிக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தார். மனுஷன் அப்படி ஒரு பதற்றத்தில் இருந்தார்.

பதற்றம் அவருக்குப் புதுசு. "பதறாத காரியம் சிதறாது" என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள் அவர். மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தப் பொருளையும் வந்தவுடன் வாங்க மாட்டார். "இதுல ஏதாவது கோளாறு இருக்கும். அடுத்தது வரட்டும்" என்பார். அடுத்தது வந்தால், அதற்கு அடுத்தது வரப்போகிறது என்று பேப்பரில் போட்டிருப்பான். அப்படி அவர் ஒரு நல்ல மிக்ஸிக்காகக் காத்திருந்த காலத்தில், உலகம்மை அம்மியில் அரைத்தே மகனையும் மகளையும் வளர்த்து ஆளாக்கிவிட்டாள். "பொறுத்தார் பூமி ஆள்வாராம். அம்மிக் குழவியை ஆளுறது யாராம்?" என்று கேட்பாள். அவர் சிரித்துக்கொள்வார். அதெல்லாம் அவள் பேசிக்கொண்டிருந்த காலம்.

இப்போது அவள் பேசுவதில்லை. அதற்குக் காரணமும் இவர்தான். அதை அப்புறம் சொல்கிறேன்.

மடத்துச் சாமிக்கு அவர் மகன் வயசுதான் இருக்கும். பெரிய சாமி சமாதியான பிறகு பொறுப்புக்கு வந்தவர். ஆவுடைநாயகம் பெரிய சாமியின் சீடர். மடத்தோடு சேர்த்துச் சின்னச் சாமிக்கும் சீடராக வேண்டியதாயிற்று. விழுந்துதான் கும்பிடுவார். ஆனால் எழுந்திருக்கும்போது, 'பெரியவர் இருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பாரு' என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடும். சின்னச் சாமிக்கு இது தெரியாமல் இல்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதும் இல்லை. ஆவுடைநாயகத்தை அவர் 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார்.

சாமி கூடத்தில் உட்கார்ந்து பூசைக்குப் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணாச்சி. வாங்கம்மா. என்ன, முகம் இப்படி வாடிக் கிடக்கு?"

"ஏமாத்திட்டான் சாமி," என்றார் ஆவுடைநாயகம். கும்பிடக்கூட மறந்துவிட்டார்.

"யாரு?"

"அந்தப் போன் கம்பெனிக்காரன்."

"நேத்துச் சாயங்காலம் மேடையில நடந்துக்கிட்டே பேசினானே, அவனா? நானும் பாத்தேன்."

ஆவுடைநாயகம் அசந்து போனார். பெரியவர் காலத்தில் மடத்தில் ரேடியோகூடக் கிடையாது.

"நம்ம சமையக்காரர் அவரு போன்ல காட்டினாரு," என்றார் சாமி. "முன்னைவிட ஒல்லியா இருக்கு, மூணு நிறத்துல வருதுன்னு சொன்னான். சனங்க எல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. எதுக்குத் தட்டினாங்கன்னுதான் எனக்குப் பிடிபடல."

"கை தட்டினதெல்லாம் அங்க. இங்க ஊரே திட்டுது சாமி. ஓசூர்ல இருந்து என் மகன் கூப்பிட்டான். நெட்டுல காறித் துப்புறாங்களாம், பழசுக்கே புதுச் சட்டையை மாட்டி விட்டுட்டான்னு. பஸ்ல வரும்போதுகூட ரெண்டு பேரு, இதுக்கா ஒரு வருஷமா காத்துக் கிடந்தோம்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க."

"நீங்களும் நிறத்துக்குத்தான் வருத்தப்படுதீங்களா?"

"நிறம் கிடக்கட்டும் சாமி. எனக்கு வேண்டியது வேற."



விஷயம் இதுதான். உலகம்மையின் குரல்வளையில் கட்டி. திருநெல்வேலியில் ஒரு டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். "குரல்வளையை எடுத்தா குரல் போயிரும், ஆள் இருப்பாங்க. எடுக்காட்டி ரெண்டும் போயிரும்." ஆபரேஷனுக்குப் பிறகு பேசுவதற்கு வேறு வழிகள் உண்டு, கரகரவென்று ஒரு சத்தம் வரும், பழகிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். ஆவுடைநாயகம் அதைக் காதில் வாங்கவில்லை. அது அவள் குரல் இல்லையே.

அந்தச் சமயத்தில்தான் அந்தச் செய்தி அவர் கண்ணில் பட்டது. ஒரு கம்பெனி புதுப் போன் கொண்டுவரப் போகிறது. கம்பெனி பேர் நமக்கு எதற்கு? ஒருத்தர் அதில் கொஞ்ச நேரம் பேசிக் கொடுத்தால் போதும், அந்தக் குரலை அது படித்துக்கொள்ளும். அப்புறம் நாம் எதை எழுதினாலும் அதே குரலில் பேசும். எல்லா மொழியும் வருகிறது என்று எவனோ ஒருத்தன் கிளப்பிவிட்டான். ஆவுடைநாயகத்துக்கு அது வேதவாக்கு ஆகிவிட்டது. ஆபரேஷனைத் தள்ளிப் போட்டார். டாக்டர் திட்டினார். நேரில் போனால்தானே திட்டு என்று, அடுத்த தடவை போனிலேயே சொல்லித் தள்ளிப் போட்டார்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. "தொண்டையை ரொம்ப வருத்திக்காதீங்க" என்று டாக்டர் உலகம்மையிடம் சொன்னதை, இவர் "வாயே திறக்காதே" என்று ஆக்கிவிட்டார். புதுப் போன் வருகிற வரைக்கும் குரல் செலவாகக் கூடாதாம். வீட்டில் அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரைக் கரண்டியால் தட்ட வேண்டும். இவர் ஓடிவந்து, தண்ணியா, மாத்திரையா, ஃபேன் போடணுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். அவள் தலையாட்டுவாள். வீட்டுக்கு யார் வந்து அவளை எது கேட்டாலும் பதில் இவர்தான் சொல்வார். தைப்பூசத்துக்கு முன்னால் ஆரம்பித்தது, சித்திரை பிறந்தும் முடியவில்லை. கஞ்சத்தனம் பண்ண ஒரு மனுஷனுக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது. ஆனால் அவருக்கு அவள்மேல் இருந்த பிரியத்தில் யாரும் குறை சொல்ல முடியாது.

"நேத்து டிவி முன்னால ரெண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம் சாமி," என்றார் ஆவுடைநாயகம். "கடைசியாத்தான் அதைக் காட்டினான், குரல் படிக்கிற வித்தையை. ஒரு பொம்பளை பேசுதா, போனும் அச்சு அசலா அப்படியே பேசுது. எனக்கு மேலெல்லாம் புல்லரிச்சுட்டு. அப்புறம் மொழிப் பேரெல்லாம் வரிசையா ஓடுச்சு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டுப் பாத்தேன். நான் கேள்வியே படாத மொழியெல்லாம் இருக்கு. தமிழ் இல்ல."

"இல்லவே இல்லையா?"

"அடியில பொடி எழுத்துல போட்டிருந்தான். மற்ற மொழிகள் விரைவில்னு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அவளும் மனசு உடைஞ்சு போயிட்டா சாமி. ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு உள்ள போயிட்டா."

"அவுங்கதான் எப்பவுமே பேசுறதில்லையே அண்ணாச்சி."

அது ஆவுடைநாயகத்தின் காதில் விழவில்லை. அவர் மனசு வேறு இடத்தில் இருந்தது.

"விரைவில்னா எப்ப சாமி? அதைக் கேக்கத்தான் ஓடி வந்தேன்."

"கம்பெனி என்னுதில்லையே."

"விளையாடாதீங்க சாமி. ஆஸ்பத்திரியில திங்கக்கிழமைக்கு நமக்குக் கட்டில் ஒதுக்கியிருக்காங்க. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள கூப்பிட்டுக் கேப்பாங்க. வாரோம்னு சொன்னா, திங்கக்கிழமையோட அவ குரல் போச்சு. வரலைன்னு சொன்னா, கட்டிலை வேற ஆளுக்குக் கொடுத்திருவாங்க. இனிமேலும் தள்ளிப்போட்டா என்னைக் கேக்காதீங்கன்னு டாக்டர் கையை விரிச்சுட்டாரு. அடுத்த அறிவிப்புல தமிழ் நிச்சயம் வந்திரும்னு மகன் சொல்லுதான். காத்திருக்கிறதா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்படியே செய்யுதேன்."

சொல்லும்போது அவர் கை, சட்டைப் பையில் இருந்த போனைத் தடவிக்கொண்டே இருந்தது.  ராத்திரி அவர் கண்ணை மூடவே இல்லை. உலகம்மை தூணோரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கையில இருக்கிற போன்லயே அம்மா பேசுறதைப் பதிஞ்சு வச்சுக்கிடலாம்லா?" என்றார் சாமி.

"அது வெறும் பதிவு சாமி. சொன்னதையேதான் திரும்பத் திரும்பச் சொல்லும். புதுசு அப்படி இல்ல. பதிவைப் போட்டுக் காட்டினாப் படிக்காதாம், ஆளே நேர்ல பேசணுமாம். அப்புறம் அவ சொல்லாததையும் சொல்லும்."

"சொல்லாததையுமா?"

"ஆமா சாமி. அதுதான் அதுல விசேஷமே."

"சரி, அது உங்க கைக்கு வந்துட்டுன்னு வைங்க. முதல்ல அதுல என்ன எழுதுவீங்க?"

ஆவுடைநாயகம் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். "ஏங்க, சாப்பிட வாங்க, ஆறிப்போகுதுன்னு எழுதுவேன்," என்றார். 

"எழுதுறது நீங்க. கூப்பிடுறது உங்களையே."

"ஆமா."

"அப்ப பரிமாறுறது யாரு அண்ணாச்சி?"

"அதெல்லாம் நான் யோசிக்கல சாமி," என்றார் ஆவுடைநாயகம் எரிச்சலோடு.

சாமி சரத்தை முடிச்சுப் போட்டு வாழையிலையில் வைத்தார். உலகம்மை பக்கம் திரும்பினார்.

"அம்மா, உட்கார நாற்காலி போடச் சொல்லட்டா?"

"வேண்டாம் சாமி. அவ தரையிலயே உட்காருவா," என்றார் ஆவுடைநாயகம்.

உலகம்மை தரையில் உட்கார்ந்தாள்.

"குடிக்க மோரா, காப்பியாம்மா?"

"மோர் சாமி. காப்பி அவளுக்கு ஆகாது."

சமையல்காரர் மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

"ஆபரேஷன்னா பயமா இருக்காம்மா?"

"அவளுக்கு என்ன சாமி பயம்? அவ தைரியசாலி. பயமெல்லாம் எனக்குத்தான்."

"காத்திருக்கலாமா, வேண்டாமா? நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?"

"நான் எது செஞ்சாலும் அவளுக்குச் சம்மதம் சாமி. கலியாணம் ஆன நாள்ல இருந்து அப்படித்தான்."

சாமி சிரித்துவிட்டார்.

"அம்மா சொல்லாததையெல்லாம் நீங்களே சொல்லிட்டீங்களே அண்ணாச்சி. உங்களுக்குப் போன் எதுக்கு?"

ஆவுடைநாயகத்துக்குச் சுருக்கென்று தைத்தது. பெரியவர் இருந்தால் இப்படிக் கேலி பண்ணியிருப்பாரா? "நான் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்திருக்கேன். சாமிக்கு வேடிக்கையா இருக்கு," என்றார்.

"கோவிச்சுக்கிடாதீங்க. ஆத்துல ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. இந்தக் கொதிப்போட உட்கார்ந்தா நான் எதைச் சொன்னாலும் உங்க காதுல ஏறாது."

"நேரம் இல்ல சாமி. போன் வந்திரும்."

"போனையும் கொண்டு போங்க. முங்கி எந்திரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?"

குரு சொல்லைத் தட்டக் கூடாது. சின்னச் சாமியாக இருந்தாலும் சாமி சாமிதான். ஆவுடைநாயகம் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் மனைவியைப் பார்த்து, பேசிவிடாதே என்று உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அவள் தலையாட்டினாள்.

போனைத் துண்டில் சுற்றிப் படித்துறையின் மேல்படியில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கினார். முங்கத்தான் முடியவில்லை. தலை தண்ணிக்குள் இருக்கும்போது மணி அடித்துவிட்டால்? கழுத்தளவு நின்று, துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குரங்கு வந்து மேல்படியில் உட்கார்ந்ததும் அவருக்குப் பாதி உயிர் போய்விட்டது. தண்ணியை வாரி வாரி இறைத்து அதை விரட்டினார். ஆற்றில் குளிக்கப் போனவர் குரங்கைக் குளிப்பாட்டிவிட்டு வந்ததுதான் மிச்சம்.

அவள் குரல் அவர் காதுக்குள் அப்படியே இருந்தது. வெண்கலக் குரல். அடுப்படியில் இருந்து கூப்பிட்டால் வாசலில் நிற்கிற ஆளுக்குத் தூக்கிவாரிப் போடும். காய்கறி வண்டிக்காரர் அந்தக் குரலுக்குப் பயந்தே சொத்தைக் கத்தரிக்காயைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுவார். 'ஏங்க, காது கேக்குதா இல்லையா?' என்று அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பாள். அதைத்தான் இத்தனை மாசமாகப் பொத்திப் பொத்திக் காப்பாற்றி வைத்திருக்கிறார். திங்கட்கிழமை போய் அதை வெட்டிப் போட்டுவிட்டு வா என்றால் எப்படி? அது இல்லாத வீட்டில் தான் எப்படி இருக்கப் போகிறோம் என்று நினைத்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆற்றுத் தண்ணியை அள்ளி முகத்தைக் கழுவிக்கொண்டார்.

கரையேறும்போது முடிவு பண்ணிவிட்டார். வரலை என்று சொல்லிவிட வேண்டியதுதான். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, அடுத்தது வருகிற வரைக்கும் பொறுக்க முடியாதா? சாமியிடம் இனிமேல் கேட்கப் போவதில்லை. திருநீறு மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கூடத்து வாசலுக்கு வந்தவர் நின்றார். உள்ளே யாரோ சாமியோடு பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய சாமி ஏற்படுத்தியது. ஒருத்தர் சாமியிடம் மனசைத் திறந்து பேசிக்கொண்டிருந்தால், அடுத்தவர் நிலைப்படியைத் தாண்டக் கூடாது. தலையை நீட்டிப் பார்க்கவும் கூடாது. வெளியே சுவரோரமாக நிற்க வேண்டும். ஆவுடைநாயகம் அப்படியே நின்றார்.

யாரோ வயசான ஆம்பிளை. குரல் கரகரவென்று வந்தது. நடுநடுவே வெறும் காற்று மட்டும் வந்தது. புகையிலை போட்டுக் கெட்டுப்போன தொண்டை என்று நினைத்துக்கொண்டார். வேற்று ஆள் வந்ததைப் பார்த்து உலகம்மை எழுந்து நந்தவனத்துப் பக்கம் போயிருப்பாள். போனை எடுத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எந்த நிமிஷமும் கூப்பிடலாம். இந்தக் கிழவனுக்கு வேறு நேரமே கிடைக்கவில்லையா என்று இருந்தது.

"பயம் இல்லாம இருக்குமா சாமி?" என்றது அந்தக் குரல். "படுத்தா எந்திரிப்பேனான்னு பயம். ஆனா இப்படியே இருக்கிறது அதைவிடப் பயமா இருக்கு. படுத்தா மூச்சு இழுக்குது. விடிய விடிய மோட்டுவளையையே பாத்துக்கிட்டுக் கிடக்கேன்."

"வீட்டுல சொல்லலையா?" என்று கேட்டார் சாமி.

"எப்படிச் சொல்ல? வாயத் திறந்தா தெரிஞ்சு போகும்லா."

யாரோ பாவம், நோயாளி போலிருக்கிறது. ஆவுடைநாயகத்துக்குக் கோபம் இறங்கியது. இந்த ஆளுக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களிடம் இப்படி மறைக்கலாமா என்றுகூட நினைத்தார்.

உள்ளே இருமல் கேட்டது. ஒரு வாய் குடித்து, கஷ்டப்பட்டு விழுங்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்தக் குரல் திரும்பவும் ஆரம்பித்தது.

"எங்க வீட்டுக்கு மிக்ஸி வந்த கதை தெரியுமா சாமி உங்களுக்கு? கடைக்குப் போவாக. தடவித் தடவிப் பாப்பாக. அடுத்தது வரட்டும்னு வெறுங்கையோட திரும்பி வருவாக. ஒருவழியா வாங்கிட்டு வந்த அன்னிக்கு எனக்குத் தோள்பட்டை பிடிச்சுக்கிட்டு, அம்மியில கையே வைக்க முடியல. பாத்தியா, சரியான நேரத்துல வாங்கியிருக்கேன்னு சொன்னாக."

அந்தக் குரல் சிரித்தது. சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

ஆவுடைநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.  அது உலகம்மை. கட்டின பெண்டாட்டி பேசுகிறாள், இவர் யாரோ கிழவன் என்று வெளியே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

"எப்ப இருந்தும்மா இப்படி?"

"மாசி முடியறதுக்குள்ளயே போயிட்டு சாமி. ஒருநாள் அவுக கடைக்குப் போயிருந்தப்ப, விளக்குக்கு முன்னால நின்னு ஒரு பாட்டுப் பாடிப் பாத்தேன். இது யாரு குரல்னு நானே பயந்துட்டேன். அவுக கேட்டா உடைஞ்சு போயிருவாக. பேசாதேன்னு அவுக சொன்னதே நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன். ஆனா அந்தப் போன் வந்து, இந்தா பேசுன்னு நீட்டினா என்ன செய்யன்னு நினைச்சு நினைச்சுச் சாவேன். நேத்து அதுல தமிழ் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் சாமி எனக்கு உசுரே வந்துச்சு."

"அப்ப ஆபரேஷன்?"

"செஞ்சுக்கிடணும் சாமி. நான் இருக்கணும். அவுகளை ஒத்தையில விட்டுட்டுப் போனா, அடுத்தது வரட்டும்னு சோறுகூட ஆக்கித் திங்க மாட்டாக. ஆனா அவுக இவ்வளவு ஆசையாக் காத்திருக்கிறதை நான் எப்படிக் கெடுக்க?"

ஆவுடைநாயகம் நிலைப்படியைத் தாண்டி உள்ளே போனார். இத்தனை வருஷத்தில் மடத்து வழக்கத்தை அவர் மீறினது அன்றைக்குத்தான்.

உலகம்மை அவரைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் தோளில் ஈரத் துண்டோடு அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். தலை மட்டும் நனையாமல் இருந்தது.

"உலகு," என்றார். 

அவள் கையை எடுக்கவில்லை. கண்ணில் இருந்து தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. சாமி இருவரையும் பார்க்காமல் கூடையில் மிச்சம் இருந்த பூவைக் கிளறிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் போன் அடித்தது.

ஆவுடைநாயகம் போனைச் சாமியிடம் நீட்டினார். சாமி வாங்கிக்கொள்ளவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. இனி நின்றுவிடும் என்கிற நேரத்தில், அதை உலகம்மையிடம் நீட்டினார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். அவர் போனில் எப்போதும் ஸ்பீக்கர் போட்டே இருக்கும் என்பதால் எல்லாருக்கும் கேட்டது.

"ஹலோ," என்றாள் உலகம்மை.

"சார், ஆஸ்பத்திரியில இருந்து பேசுறேன். திங்கக்கிழமை உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வர்றீங்களா, இல்லையா? முடிவா சொல்லிருங்க சார்."

ஆவுடைநாயகம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழக்கம் அது. பிறகு மூடிக்கொண்டார்.

"நான்தாம்மா உலகம்மை," என்றாள் அவள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மூச்சு வாங்கியது. "நான் வாரேன். கட்டிலை யாருக்கும் கொடுத்திராதீங்க."

அந்தப் பக்கம் இருந்த பெண், "சரிங்கம்மா. வெறும் வயித்தோட வந்திருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

உலகம்மை போனைப் புருஷன் கையில் திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கித் தரையில் வைத்தார். சட்டைப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை. ஒரு ஆம்பிளை இன்னொரு ஆள் முன்னால் அழக் கூடாது என்று நினைக்கிறவர்தான் அவர். அன்றைக்கு அதையெல்லாம் பார்க்கவில்லை. வாய்விட்டு அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பத்திரமா வச்சிருக்கோம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் சாமி," என்றார் கடைசியில். "அது எப்பவோ போயிட்டு. அது போனதுகூட எனக்குத் தெரியல. மிச்சம் இருக்கிற இதுவும் திங்கக்கிழமையோட போயிரும். நான் இனிமே என்ன சாமி செய்யட்டும்?"

சாமி பூக்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமைதானே ஆகுது அண்ணாச்சி," என்றார்.